சபைக்கு வீட்டை எழுதிவைக்க நினைக்கும் டீச்சருக்கு

வாசகர் கடிதம், சுருக்கமாக: "எனக்கு 71 வயது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. நாகர்கோவிலில் என் சம்பளத்தில் கட்டிய வீடு, பேங்க் டெபாசிட், கொஞ்சம் நகை இருக்கின்றன. அப்பாவின் நிலம் தம்பி கையில் இருக்கிறது, அதில் எனக்கும் பங்கு உண்டு என்கிறார்கள். அக்கா இறந்துவிட்டாள். அவள் மகன்தான் என்னைக் கவனித்துக்கொள்கிறான், அவனுக்கு ஒரு தங்கை வெளியூரில் இருக்கிறாள். நான் சின்ன வயதிலிருந்து போகும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்கு வீட்டைக் கொடுத்து, அதில் ஏழைப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. 'உயில் என்றால் பின்னால் வழக்கு வரும், இப்போதே செட்டில்மெண்ட் எழுதிவிடுங்கள்' என்கிறார் போதகர் ஐயா. 'கிறிஸ்தவர்கள் கோயிலுக்கு உயில் எழுதினால் செல்லாது, சாவதற்கு ஒரு வருஷம் முன்பே எழுதி அரசாங்கத்தில் கொடுத்து வைத்திருக்க வேண்டும்' என்கிறான் அக்கா மகன். யார் சொல்வது சரி? சபை அந்த வீட்டை விற்றுவிடாதபடி எழுத முடியுமா?"

அன்புள்ள டீச்சருக்கு,

அக்கா மகன் சொல்வதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவர் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. 2003 வரை அதுதான் சட்டம். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 118ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. உடன்பிறந்தவர்களின் மகனோ மகளோ, அவர்களைவிட நெருங்கிய உறவோ உள்ள ஒருவர், மதக் காரியத்துக்கோ தர்மத்துக்கோ சொத்தை உயிலில் எழுதினால், இறப்பதற்குக் குறைந்தது 12 மாதம் முன்பே எழுதியிருக்க வேண்டும். எழுதிய ஆறு மாதத்துக்குள் பதிவு அலுவலகத்தில் ஒப்படைத்தும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்தப் பகுதி செல்லாது. அதாவது, அக்கா பிள்ளைகள் இருக்கும் உங்களை அப்படியே கட்டிப்போட்டிருக்கும் பிரிவு அது. நடைமுறையில் கிறிஸ்தவர்கள் மட்டுமே அதில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். கேரளத்துக் கத்தோலிக்கக் குருவானவர் ஜான் வள்ளமட்டம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2003 ஜூலையில், இந்தப் பிரிவு அரசியலமைப்பின் 14ஆவது பிரிவு தரும் சமத்துவத்துக்கு விரோதம் என்று நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது.

ஆகவே இன்றைக்கு நீங்கள் உயில் எழுதிவிட்டு அடுத்த வாரமே கர்த்தரிடம் போனாலும் சபைக்கு எழுதியது செல்லும். பழைய சட்டப் புத்தகங்களிலும் வயதான சில குமாஸ்தாக்களின் வாயிலும் அந்தப் பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. அக்கா மகன் அங்கிருந்துதான் கேட்டிருப்பார். அவர் உள்நோக்கத்தோடு சொன்னதாக நினைத்து மனம் வருந்த வேண்டாம்.

போதகர் ஐயா சொல்வது எனக்கு உடன்பாடில்லை. செட்டில்மெண்ட் அல்லது தானப் பத்திரம் எழுதி, அது பதிவாகி, எதிர்த் தரப்பும் ஏற்றுக்கொண்டால் அந்த நிமிஷமே வீடு உங்களுடையது இல்லை. பிறகு மனம் மாறினாலும், உடம்புக்கு முடியாமல் போய்ப் பெரிய செலவு வந்தாலும், அதை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. நீங்களாக ஒருதலைப்பட்சமாக ரத்து செய்யவும் முடியாது. 'ஆயுள் வரை நான் குடியிருப்பேன்' என்று ஒரு வரி சேர்க்கலாம்தான். ஆனால் குடியிருக்கும் உரிமை வேறு, சொந்தக்காரியாக இருப்பது வேறு. 71 வயதில் தனியாக இருக்கும் ஒருவருக்கு, தேவைப்பட்டால் வீட்டை விற்று நல்ல முதியோர் இல்லத்தில் சேரலாம் என்ற வழி திறந்தே இருக்க வேண்டும். அதைச் சபைக்காகக்கூட அடைக்காதீர்கள்.

செலவையும் பாருங்கள். குடும்பத்துக்கு வெளியே தானமாகக் கொடுத்தால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பில் 9 சதவீதம் வரும். மதிப்பு 40 லட்சம் என்றால் 3 லட்சத்து 60 ஆயிரம். ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குப் போக வேண்டிய பணம் அது. உயிலுக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது, வெள்ளைத் தாளில் எழுதினாலும் செல்லும். நினைத்தபோது மாற்றலாம், கிழித்துப் போட்டு வேறு எழுதலாம். இந்தியாவில் மரணத்தோடு வந்த வரியை 1985லேயே எடுத்துவிட்டார்கள். ஆகவே வரிக்குப் பயந்து உயிரோடு இருக்கும்போதே கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. வெளிநாட்டுச் சபைகளின் வழிகாட்டிக் குறிப்புகளில் மரண வரியை மிச்சப்படுத்தத்தான் உயிலில் காணிக்கை எழுதச் சொல்வார்கள். நமக்கு அந்தக் கணக்கே இல்லை.

சரி, உயில் வழக்காகும் என்ற பயம்? ஆகலாம். அப்படி ஆகும் உயில்களில் பெரும்பாலானவற்றில் எழுதிய விதத்திலேயே ஓட்டை இருக்கும். அவற்றில் மிகப் பெரிய ஓட்டையைப் பற்றித்தான் உங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

'என் வீட்டை என் சபைக்கு எழுதி வைக்கிறேன்.' இப்படித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எந்தச் சபை? ஞாயிறு காலை நீங்கள் உட்காரும் அந்தக் கட்டடமா, அக்கம்பக்கத்துச் சபைகள் சேர்ந்த சேகரமா, சேகரங்களுக்கெல்லாம் மேலான பேராயமா? சொத்து வாங்கவும் விற்கவும் பத்திரத்தில் கையெழுத்துப் போடவும் சட்டத்தின் கண்ணில் ஓர் 'ஆள்' வேண்டும். உங்கள் ஊர்ச் சபை பெரும்பாலும் அப்படிப்பட்ட ஆள் அல்ல. சி.எஸ்.ஐ. சொத்துகளுக்காகவே சர்ச் ஆஃப் சவுத் இந்தியா டிரஸ்ட் அசோசியேஷன் என்று ஓர் அமைப்பு, பல சபைகள் ஐக்கியமாகி சி.எஸ்.ஐ. உண்டான அதே 1947இல், நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது. சுருக்கமாக சி.எஸ்.ஐ.டி.ஏ. கோயிலும் பள்ளியும் கல்லறைத் தோட்டமும் பொதுவாக இதன் பெயரில்தான் இருக்கும், பேராயங்கள் அதன் சார்பில் நிர்வகிக்கும். உங்கள் பக்கத்துப் பழைய பத்திரங்களில் லண்டன் மிஷன் காலத்துப் பெயர்களையும் பார்க்கலாம். பெயர் ஒன்று, அனுபவிப்பவர் இன்னொருவர் என்று ஆன இடங்களில்தான் தகராறுகள் முளைக்கின்றன.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பெரியவர் ஒருவர் 'நான் ஆராதிக்கும் சபைக்கு' என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அதற்குள் அந்தச் சபை இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதியினர் வேறு இடத்தில் ஆராதனை நடத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் 'அவர் ஆராதித்தது எங்கள் சபையில்தான்' என்று வாதாடின. கடைசி இரண்டு வருஷம் அவர் படுக்கையில் இருந்ததால் எங்கேயும் ஆராதிக்கவில்லை என்று மருமகன் மூன்றாவது கட்சியாக வந்து சேர்ந்தார். நல்ல மனசோடு எழுதிய வரி, மூன்று வக்கீல்களுக்குப் பிழைப்புக் கொடுத்தது.

ஆகவே பேராய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நேரில் போய்ச் சொன்னால் மட்டும் போதாது. 'உயில் மூலம் கல்வி உதவிக்காகச் சொத்தோ பணமோ கொடுத்தால், எந்தச் சட்டப்பூர்வப் பெயரில் எழுத வேண்டும், பதிவு எண் என்ன, பான் எண் என்ன, இன்ன சேகரத்துக்கென்று தனி நிதியாக வைத்துக் கணக்கு எழுதுவீர்களா' என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி, அதிலிருக்கும் பெயரை எழுத்துப் பிசகாமல் உயிலில் போடுங்கள். கத்தோலிக்கராக இருந்தால் மறைமாவட்ட ஆயர் இல்லத்தில் இதையே கேட்க வேண்டும். சுயாதீனச் சபைகளில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். டிரஸ்ட் பத்திரமோ சங்கப் பதிவோ இருக்கிறதா, அல்லது எல்லாமே பாஸ்டர் பெயரில்தான் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூட எழுதக் கூடாது. பாஸ்டர் பெயருக்கு எழுதினால் அது அவருடைய சொத்து. அவருக்குப் பிறகு அவர் பிள்ளைகளுக்குத்தான் போகும், சபைக்கு அல்ல.

இனி, விற்கக் கூடாது என்று எழுதலாமா என்ற கேள்வி. ஒருவருக்கு ஒரு சொத்தை முழு உரிமையோடு கொடுத்துவிட்டு, 'ஆனால் இப்படித்தான் பயன்படுத்த வேண்டும்' என்று அடுத்த வரியில் எழுதினால், அந்த இரண்டாவது வரிக்கு வலு இல்லை. வாரிசுரிமைச் சட்டத்தின் 138ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. நிபந்தனை நிற்க வேண்டுமானால் கொடுப்பதையே ஒரு நோக்கத்துக்கான அறக்கட்டளைப் பொறுப்பாகக் கொடுக்க வேண்டும்.

அது ஒரு பக்கம் இருக்கட்டும். வீடு விற்கப்படாமல் இருந்தே ஆக வேண்டுமா என்று நீங்கள் கொஞ்சம் யோசியுங்கள். ஆளில்லாத வீடு என்பது ஓடு மாற்றுவது, வெள்ளையடிப்பது, வீட்டு வரி, காலி செய்ய மறுக்கும் வாடகைக்காரர் என்று போகும். சேகரக் கமிட்டி மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மாறினால் அக்கறையும் மாறும். அந்த வீட்டையே ஜெபக்கூடமாக ஆக்கலாம் என்று யாராவது சொன்னால், குடியிருப்பு வீட்டைப் பொது வழிபாட்டு இடமாக மாற்ற மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும், அது லேசில் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லிவையுங்கள். உங்கள் ஆசை பிள்ளைகள் படிப்பது. வீட்டை விற்று, அந்தப் பணத்தை முதலாகப் போட்டு, வட்டியில் கட்டணம் கட்டினால் அது நேராக நிறைவேறும். நீங்கள் கட்டிய வீடு நிற்க வேண்டும் என்ற பாசம் எனக்குப் புரிகிறது. முடிவு உங்களுடையது. ஆனால் என்னைக் கேட்டால், விற்கச் சொல்லியே எழுதுங்கள்.

வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: 'என் காலத்துக்குப் பின் கீழ்க்கண்ட அ அட்டவணைச் சொத்தை என் உயில் நிறைவேற்றாளர்கள் நல்ல விலைக்கு விற்று, செலவு போக மீதித் தொகையை இன்ன பதிவு எண் கொண்ட இன்ன அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டியது. மேற்படி அமைப்பு அத்தொகையை என் பெயரிலும் என் கணவர் பெயரிலும் கல்வி நிதியாகத் தனிக்கணக்கில் அறப்பொறுப்பாக வைத்து, முதலைத் தொடாமல், வட்டியில் ஐந்தில் ஒரு பங்கை முதலோடு சேர்த்து, மீதியை இன்ன சேகரத்து எல்லைக்குள் வசிக்கும் வறிய மாணவ மாணவியரின் பள்ளி, கல்லூரிக் கட்டணங்களுக்குச் செலவிட வேண்டியது. இந்நோக்கம் நிறைவேற இயலாத காலத்தில் இதற்கு மிக நெருங்கிய கல்விக் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள வேண்டியது. என் ஆயுளுக்குள் நானே மேற்படி சொத்தை விற்க நேர்ந்தால், என் மரணத்தின்போது என் பெயரில் உள்ள வைப்புத் தொகைகளில் இத்தனை சதவீதம் இதே நோக்கத்துக்குச் சேர வேண்டியது.'

வட்டியில் ஐந்தில் ஒரு பங்கை ஏன் திரும்பப் போட வேண்டும்? விலைவாசி ஏற ஏற, தொடாத முதலின் மதிப்பு தேய்ந்துகொண்டே போகும். சில கோயில்களில் அந்தக் காலத்து அறக்கட்டளைகளின் பெயர்ப் பலகை பளிங்கில் இருக்கும், வருஷ வட்டி ஒரு பாடப்புத்தகத்துக்குக்கூடக் காணாது. 'மருத்துவம் படிக்கும் பெண் பிள்ளைக்கு' என்று குறுக்கிவிடவும் வேண்டாம். பத்து வருஷம் அப்படி ஒரு பிள்ளை கிடைக்காவிட்டால் பணம் சும்மா கிடக்கும், பிறகு யாராவது அதன் மேல் கண் வைப்பார்கள். கடைசி வாக்கியமும் அலங்காரமல்ல. உயிலில் குறிப்பிட்ட சொத்து இறக்கும்போது கையில் இல்லாவிட்டால் அந்தக் கொடையும் சேர்ந்தே போய்விடும் என்பது சட்டம். வீட்டை விற்று முதியோர் இல்லத்துக்குப் போன ஒருவரின் உயிலில் வீட்டைத் தவிர வேறொன்றும் எழுதியிருக்கவில்லை என்றால் சபைக்குக் கிடைப்பது வெறும் தாள்தான்.

கையெழுத்துப் போடும் நாளைப் பற்றி. இரண்டு சாட்சிகள் வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போடுவதை அவர்கள் பார்க்க வேண்டும், உங்கள் கண் முன்னால் அவர்களும் போட வேண்டும். உயிலில் ஏதாவது பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாகக் கையெழுத்திட்டால், உயில் நிற்கும், ஆனால் அவருக்கு எழுதியது போய்விடும். இது கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் விதி. இந்துக்களுக்கு இல்லாததால் பத்திரம் எழுதுகிறவர்களே இதை மறந்துவிடுகிறார்கள். அக்கா மகனுக்கு ஏதாவது எழுதப் போகிறீர்கள் என்றால் அவரோ அவர் மனைவியோ சாட்சிப் பக்கமே வரக் கூடாது. உங்களைவிட இருபது வயதாவது இளையவர்களாகப் பாருங்கள். பின்னால் வழக்கென்று வந்தால் சாட்சிகளில் ஒருவராவது கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டியிருக்கும். உங்களை வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஒருவராக இருந்தால் மிக நல்லது. புத்தி தெளிவு பற்றிய கேள்விக்கும் அவரே பதிலாகிவிடுவார்.

போதகர் ஐயா? அவர் சாட்சியாகவும் வேண்டாம், நிறைவேற்றாளராகவும் வேண்டாம், வக்கீலை ஏற்பாடு செய்பவராகவும் வேண்டாம், சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் காரில் அழைத்துப் போகிறவராகவும் வேண்டாம். சட்டப்படி அவர் சாட்சி போட்டால் சபைக்கு எழுதியது செல்லாமல் போய்விடாது. ஆனால் பயன் பெறுகிறவர்களே உயில் எழுதும் காரியத்தில் முன்னால் நின்றால் அது சந்தேகத்துக்குரிய சூழ்நிலை என்று 1959இலிருந்து உச்ச நீதிமன்றம் சொல்லிவருகிறது. அந்தச் சந்தேகத்தைப் போக்கும் பாரம் சபை தலையில் விழும். வற்புறுத்தி எழுதவைத்த உயில் செல்லாது என்று வாரிசுரிமைச் சட்டத்தின் 61ஆவது பிரிவு சொல்கிறது. சட்டப் புத்தகமே அதற்கு உதாரணமும் கொடுக்கிறது: ஒருவர் எடுத்துச் சொன்னதைக் கேட்டு, தன் மனதாரச் சம்மதித்து எழுதினால் அது செல்லும், நச்சரிப்புத் தாங்காமல், நிம்மதியாக விட்டால் போதும் என்று எழுதிக் கொடுத்தால் செல்லாது. உங்களுடைய முழுக் கடிதத்தில் போதகர் இரண்டு மூன்று இடங்களில் வருகிறார். அவர் நல்லவராகவே இருக்கட்டும். நாளைக்கு உங்கள் தம்பியின் வக்கீல் அந்தக் கடிதத்தைப் படித்தால் என்ன சொல்வார் என்று யோசித்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுங்கள். பதிவான உயில் சார்பதிவாளர் அலுவலகத்தில் மூன்றாம் புத்தகத்தில் ஏறும். நீங்கள் இருக்கும் வரை உங்களுக்கோ உங்கள் பிரதிநிதிக்கோ தவிர வேறு யாருக்கும் அதன் நகல் கொடுக்க மாட்டார்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாலும் தெரியாது. 'பதிவு செய்தால் ஊருக்கே தெரிந்துவிடும்' என்று பயப்பட வேண்டாம். நடக்க முடியாமல் போனால் தக்க காரணம் காட்டி அலுவலரை வீட்டுக்கே வரவழைக்கலாம். புரோபேட், அதாவது உயில் உண்மையானது என்று நீதிமன்றத்தில் வாங்கும் சான்று, பற்றி யாராவது பயமுறுத்தினால், 2002இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இந்தியக் கிறிஸ்தவர்களின் உயிலுக்கு அது கட்டாயமில்லை என்று சொல்லுங்கள். மூல உயிலை உங்கள் பேங்க் லாக்கரில் மட்டும் பூட்டிவிடாதீர்கள். நீங்கள் போன பிறகு லாக்கரைத் திறக்க உயில் கேட்பார்கள், உயிலை எடுக்க லாக்கரைத் திறக்க வேண்டும்.

நிறைவேற்றாளராக இரண்டு பேரைப் போடுங்கள். போதகர்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள், பதவியைக் குறிப்பிட்டு எழுதினால் வந்து சேரும் ஆள் யாரென்றே உங்களுக்குத் தெரியாது. கணக்கு வழக்கு தெரிந்த உங்கள் பழைய மாணவர் ஒருவர், கூடவே அக்கா மகன் என்று வைக்கலாம். பயன் பெறுபவர் நிறைவேற்றாளராக இருப்பதற்குத் தடை இல்லை.

டெபாசிட்டுக்கு வருகிறேன். அக்கா மகனை நாமினியாகப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நாமினி என்றால் பேங்க் பணத்தை யார் கையில் கொடுத்தால் அதன் பொறுப்பு தீருமோ அவர், அவ்வளவுதான். பணம் உயிலில் யாருக்கு எழுதியிருக்கிறதோ அவருக்கே சேர வேண்டும். இது அவருக்கும் தெரிந்திருக்கட்டும், இல்லாவிட்டால் 'என் பெயர்தானே போட்டிருக்கிறது' என்று பிறகு மனஸ்தாபம் வரும். பேங்க் கணக்கில் சபையை நாமினியாகப் போட முடியாது, தனி ஆட்களைத்தான் போடலாம். டெபாசிட்டைத் தொகையாகப் பிரிக்காமல் சதவீதமாகப் பிரியுங்கள். கடைசிக் கால ஆஸ்பத்திரிச் செலவுக்கு எவ்வளவு போகும் என்று யாருக்கும் தெரியாது.

அப்பாவின் நிலம் கொஞ்சம் சிக்கல். உங்கள் பகுதி பழைய திருவிதாங்கூர். 1916ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே கிறிஸ்தவப் பெண்ணுக்கு மகனுடைய பங்கில் கால் பாகம் அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான். ஸ்ரீதனம் கொடுத்தாகிவிட்டால் அதுவும் இல்லை. 1986இல், தகப்பன் சொத்தில் பங்கு கேட்டு மேரி ராய் என்ற கிறிஸ்தவப் பெண் போட்ட வழக்கில், 1951 ஏப்ரலிலிருந்தே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அப்பா அதற்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்திருந்தால், அம்மாவும் இப்போது இல்லை என்றால், தம்பிக்கும் உங்களுக்கும் காலமான அக்காவுக்கும் சம பங்கு. ஆனால் இத்தனை வருஷமாகத் தம்பி தனியாக அனுபவித்து வந்திருக்கிறார். பட்டா யார் பெயரில், நீங்கள் எப்போதாவது பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தீர்களா என்பதையெல்லாம் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது. பிரிக்காத அந்தப் பங்கைச் சபைக்கு எழுதாதீர்கள். எழுதினால், சபை உங்கள் தம்பி மேல் பாக வழக்குப் போட வேண்டியிருக்கும். காணிக்கையோடு ஒரு வழக்கையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி ஆகும். தம்பியோடு பேசி உங்கள் காலத்திலேயே தீர்த்துக்கொள்ளுங்கள், அல்லது அந்தப் பங்கை அக்கா பிள்ளைகளுக்கு எழுதிவிடுங்கள். அவர்களுக்கும் அதே நிலத்தில் அம்மா வழிப் பங்கு இருக்கிறது.

அக்கா மகன் விஷயத்தை நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். நீங்கள் உயிலே எழுதாவிட்டால், கணவரும் பிள்ளைகளும் பெற்றோரும் இல்லாத நிலையில் உங்கள் சொத்தில் பாதி தம்பிக்கு, மீதிப் பாதி அக்காவின் இரண்டு பிள்ளைகளுக்கும் சமமாக. அதாவது தினமும் உங்கள் மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் அக்கா மகனுக்குக் கால் பங்கு, பார்க்கவே வராதவருக்கு அரைப் பங்கு. இது உங்களுக்கு நியாயமாகப் படுகிறதா? கிறிஸ்தவர்கள் தங்கள் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம், உறவினருக்கு இவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. ஆனால் எல்லாவற்றையும் சபைக்கு எழுதிவிட்டு, கவனித்துக்கொண்டவர் பெயரே இல்லாத உயிலைப் பார்த்தால் நீதிபதியின் புருவம் உயரும். டெபாசிட்டில் ஒரு நல்ல பங்கை அவருக்கு எழுதுங்கள், நகையில் ஏதாவது அவர் தங்கைக்கு. தம்பிக்கு எதுவும் இல்லை என்றால், 'அவர் வசதியாக இருப்பதாலும் தகப்பனார் நிலத்தை அனுபவித்து வருவதாலும் இதில் பங்கு ஒதுக்கவில்லை' என்று ஒரு வரி எழுதுங்கள், திட்டி எழுத வேண்டாம். பிறகு அக்கா மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வீடு பிள்ளைகள் படிப்புக்குப் போகிறது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பின்னால் வக்கீல் நோட்டீஸில் தெரிந்துகொள்வதைவிட உங்கள் வாயால் கேட்பது அவருக்கும் நல்லது. கோபித்துக்கொண்டு வருவதை நிறுத்திவிட்டால்? அதுவும் இப்போதே தெரிவது நல்லதுதான், உயிலை மாற்ற உங்களுக்கு நேரம் இருக்கும்.

உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய ஆசை என்றால், பென்ஷனிலிருந்து முடிந்ததை இந்த ஜூனிலேயே இரண்டு பேருக்குக் கட்டணமாகக் கட்டிப் பாருங்கள். சபை அதை எப்படிக் கையாள்கிறது, ரசீது தருகிறதா, யாரைத் தேர்ந்தெடுக்கிறது, கணக்கை ஆண்டுக் கூட்டத்தில் வாசிக்கிறதா என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். வருமான வரியில் சலுகை கிடைக்குமா என்று பார்த்துச் செய்ய வேண்டாம். மதக் காரியங்களுக்குக் கொடுப்பதற்குப் பொதுவாக நன்கொடைக்கான வரி விலக்குக் கிடைக்காது. அந்த விலக்கு உள்ள கல்வி அறக்கட்டளைக்குக் கொடுத்தாலும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கே பலன்.

இன்னொன்று, இது சிரிப்பதற்கு: உயில் எழுதிய பிறகு நீங்கள் மறுமணம் செய்துகொண்டால் அந்த உயில் தானாகவே ரத்தாகிவிடும், கிறிஸ்தவர்களுக்கு 69ஆவது பிரிவு அப்படி. செய்துகொண்டால் வேறு உயில் எழுத வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

முதல் வேலையாக, வீட்டின் மூலப் பத்திரம், பட்டா, கடைசி வீட்டு வரி ரசீது மூன்றையும் எடுத்து, அவற்றில் உங்கள் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆசிரியைகளுக்குச் சர்வீஸ் புக்கில் அப்பா இனிஷியலும் பட்டாவில் கணவர் இனிஷியலும் இருப்பது சகஜம். அப்படி இருந்தால் 'இந்த இரண்டு பெயரும் என்னையே குறிக்கும்' என்ற வரியை உயிலில் சேர்க்க வேண்டும். பேராயத்திலிருந்து கடிதம் வந்ததும், இவற்றோடு, சபையோடு தொடர்பில்லாத ஒரு வக்கீலை நீங்களாகத் தேடிப் போய்ப் பாருங்கள்.